மூன்றாம் எண் குளிரூட்டி

இந்த ஹோட்டலுக்கு நாற்பத்தொரு மாடி என்கிறார்கள்.
எனக்குத் தெரிந்தது தரைக்குக் கீழே மூன்று.
யார் வருகிறார்கள், யார் போகிறார்கள்
எதையும் நான் பார்ப்பதில்லை.
திரும்பி வரும் தண்ணீர் சொல்லிவிடும்.
ஏழு டிகிரியில் மேலே அனுப்புகிறேன்.
பன்னிரண்டில் திரும்பினால் மாநாடு,
பன்னிரண்டரை என்றால் கல்யாணம்.
எட்டரையில் திரும்பினால்
யாருடைய வியர்வையையும் தொடாமல்
வெறுமனே ஊர்சுற்றி வந்திருக்கிறது.

மார்ச் முழுக்க எட்டரை.

எங்கோ ஒரு நீரிணையில் கப்பல்கள் நிற்பதாக
இஷூன் பேருந்தில் பாதித் தூக்கத்தில் கேட்டேன்.
அப்புறம் விமானச் சீட்டில் ஒரு வரி கூடியது:
எரிபொருள் கூடுதல் கட்டணம்.
கோயம்புத்தூர் பம்ப்செட் முகவர்கள்
பதினோரு அறை கேட்டிருந்தார்கள்.
கொழும்புக்குப் போய்விட்டார்களாம்,
"அங்கே அவங்க ரூபாய்க்கு மரியாதை அதிகம்" என்றாள்
முன்மேசை ஹுவீ ஷான்.
அவர்கள் ஊர் பம்ப் ஒன்று மட்டும்
கழிவுநீர்த் தொட்டியருகே
என்னோடு இரவு வேலை பார்க்கிறது.

விடியலில் வந்திறங்குகிறவர்கள்
சன்னலோரம் ஜூரோங் தீவின் விளக்குகளை
நகரம் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள்.
நகரம் இல்லை அது.
அவர்களைத் தூக்கிப் பறக்கும் எண்ணெய்
கொதித்து இறங்கும் அடுப்பு.

"ஆள் இல்லாத மாடிகளை அணைத்துவிடலாமே?"
கேட்டவர் பசுமைத் தணிக்கையாளர்,
பன்னிரண்டு மணிநேரம் பறந்து வந்தவர்.
இது பூமத்திய ரேகை, ஐயா.
இரண்டு நாள் குளிர் காட்டாத அறையில்
சுவர்த்தாள் வேர்த்துவிடும்,
தலையணையில் பூஞ்சை பூக்கும்.
யாரும் படுக்காத மெத்தைக்கு
ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும்,
அழத் தெரியாத பிள்ளைக்குப்
பால் கொடுப்பதுபோல.

இருபத்திரண்டாம் மாடியில் ஒருவர்
பதினாறில் வைத்துவிட்டு
பால்கனிக் கதவைத் திறந்தே விட்டிருக்கிறார்.
கடல்காற்று வேண்டுமாம்.
"விடு," என்றார் மேற்பார்வையாளர் ரோஸ்னா,
"இந்த மாதம் அவர் கொடுக்கிற வெள்ளிக்கு
தெருவையே குளிரவைக்கட்டும்."

என் வீட்டில் ஒரு மேசை விசிறி.
பகலில் நான் தூங்கும்போது
அது இடமும் வலமும் தலையாட்டி
வேண்டாம் வேண்டாம் என்கிறது.
தணிகைவேல் மின்கட்டணத் தாளை
ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்,
தோற்ற பிள்ளையின் மதிப்பெண் தாள் மாதிரி.
பிடித்திருக்கும் காந்தம் ஈஃபில் கோபுரம்.
யாரோ அறையில் விட்டுப்போனது.

ஏப்ரல் பதினேழு, இரவு இரண்டு பத்து.
மூன்றாம் எண்ணை நிறுத்தச் சொன்னார்கள்.
சட்டென்று நிற்காது அது.
நம் ஊர்த் தேர்போல
நான்கைந்து முனகல், ஒரு குலுக்கல்,
பிறகுதான் நிலைக்கு வந்தது.
ஒன்பது வருடத்தில் முதல்முறையாக
என் மூக்கின் மூச்சு எனக்குக் கேட்டது.
மொஹிபுல் திடுக்கிட்டு எழுந்தான்:
"சத்தம் எங்கே அக்கா?"

மே மாதம் வரவேற்புக்கூடத்தில் பலகை வைத்தார்கள்,
பச்சை இலை போட்டு:
எரிசக்திச் சேமிப்பு பதினெட்டு விழுக்காடு.
என் சம்பளச் சீட்டில்
மிகைநேரம்: சுழியம்.
இரண்டும் ஒரே அச்சுப்பொறியில் வந்தவை.
மொஹிபுலை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.
எந்தக் கட்டடம் என்று
கேட்டிருக்கலாம்.

ஜூலையில் ஓர் இரவு, முள் ஒன்பதைத் தாண்டியது.
குழாய் அடைப்போ என்று தட்டிப் பார்த்தேன்.
ஒன்பதே கால். ஒன்பதரை.
எந்த நீரிணை திறந்தது, எந்த நாணயம் நிமிர்ந்தது,
எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்?
மேலே எங்கோ ஒருவர் செருப்பைக் கழற்றி
கட்டிலில் விழுந்து
அப்பாடா என்றிருப்பார்.
அந்தச் சூடுதான் இது.

மூன்றாம் எண்ணுக்கு எண்ணெய் பார்க்க வேண்டும்.
அதற்குமுன் தணிகைவேலுக்கு ஒரு செய்தி:
சனிக்கிழமை என்னை எதிர்பார்க்காதே.